நீ என்று சொல்ல ஒரு கோடைக்காலம்

ஸ்பானிய மொழி படிக்க ஸ்பெயினின் சலமான்கா நகரத்துக்குப் போனபோது நான் தங்கிய வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. 2022 ஜூலை முதல் வாரம், மத்ரித்தில் இருந்து இரண்டரை மணி நேரம் பேருந்தில் வந்து, பெட்டியை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து ஏறினேன். மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். எழுபத்து நான்கு வயது. நம்மூர் நைட்டி போலப் பூப்போட்ட உடை, தோளில் ஒரு கைத்துண்டு. கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம் கொடுத்தார். பேருந்திலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"எப்படி இருக்கீங்க, ஸெஞோரா?"

"நல்லா இருக்கேன், இஹா. ஆனா அந்த உஸ்தெத் எல்லாம் இந்த வீட்டுல வேண்டாம். தூன்னே சொல்லு."

தூ என்றால் நீ. உஸ்தெத் என்றால் நீங்கள். இஹா என்றால் மகள். அந்த ஊரில் பெரியவர்கள் கடைக்கு வரும் பெண்ணைக்கூட இஹா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டு வாசலில் நின்ற முதல் நிமிடத்திலேயே என் பாட்டி வயதுக்காரரை நீ என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நான் மதுரைப் பெண். சரி என்று தலையாட்டினேன், ஆனால் வாய் வரவில்லை.

எங்கள் வகுப்பில் இங்கிலாந்துக்காரப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. அவன் மொழியில் குழந்தைக்கும் நீதிபதிக்கும் ஒரே சொல்தான். எனக்கு நேர்ந்த கஷ்டத்தை அவனிடம் விளக்கவே முடியவில்லை. உஸ்தெத் என்ற சொல் பழைய ஸ்பானியத்தில் 'தங்கள் அருள்' என்ற பொருளில் வந்த 'வுஎஸ்த்ரா மெர்ஸெத்' தேய்ந்து உருவானது. அதனால்தான் அதற்கு வரும் வினைச்சொல் படர்க்கையில் இருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமே "சாப்பிடுகிறாரா?" என்று கேட்பது போல. தமிழில் பேசி வளர்ந்த எனக்கு அந்தத் தூரம் இயல்பாக இருந்தது. தூ என்ற நெருக்கம்தான் பயமாக இருந்தது.

முதல் மூன்று வாரம் சமாளித்தேன். நம் ஊரில் புதிதாகக் கல்யாணமான பெண் மாமியாரிடம் பெயரும் சொல்லாமல், நீங்களும் போடாமல் "காபி கலக்கட்டுமா" என்று பேசுவாளே, அப்படி. ஸ்பானியத்திலும் தமிழைப் போலவே வினைச்சொல்லின் கடைசியில் ஆள் ஒட்டிக்கொண்டிருப்பதால் தப்பிப்பது சுலபமில்லை. 'வந்தாய்' என்றாலே நீ உள்ளே வந்துவிடும். அதனால் நான் கேள்வியே கேட்காமல் இருந்தேன். அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலமான்கா, மொழி படிக்க வருகிறவர்களின் ஊர். பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது; ஸ்பெயினில் இன்றும் இயங்குவதில் அதுவே பழையது. கோடையில் உலகம் முழுவதும் இருந்து ஸ்பானியம் கற்க ஆட்கள் வருவார்கள். மொழிப்பள்ளிகள் அவர்களை ஊரில் உள்ள வீடுகளில் தங்க வைக்கும். மூன்று வேளைச் சாப்பாடும் வாரம் ஒருமுறை துணி துவைப்பதும் சேர்த்து வீட்டுக்காரர்களுக்குப் பணம் கொடுக்கும். என் வீட்டம்மாவுக்குக் கணவர் இல்லை. மகன் மத்ரித்தில். அந்த நாட்டில் கைம்பெண் ஓய்வூதியம் பொதுவாகக் கணவரின் சம்பளத்தை வைத்துப் போடும் கணக்குத் தொகையில் 52 சதவீதம்தான். மீதியை எங்களைப் போன்றவர்கள் தங்கும் காசுதான் ஈடுகட்டியது. இதை அவரே மறைக்காமல் சொன்னார். "உங்களாலதான் குளிர்காலத்துல ஹீட்டர் போடறேன்" என்றார். காசு கைமாறும் இடத்தில் பாசம் இருக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவு முழுக்க ஜப்பானில் இருந்தும் பிரேசிலில் இருந்தும் வந்த வாழ்த்து அட்டைகள். ஒவ்வொன்றும் யார் அனுப்பியது, அந்தப் பெண்ணுக்கு எதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்பது வரை அவருக்கு நினைவிருந்தது.

சாப்பாட்டில்தான் முதல் மோதல். நான் முட்டை சாப்பிடுவேன், மீனும் இறைச்சியும் சாப்பிடுவதில்லை. பள்ளியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டாம் நாள் மதியம், மூன்று மணிக்கு, லெந்தேஹாஸ் வந்தது. நம்மூர் மைசூர்ப் பருப்பின் உறவு. தோலோடு, சற்றுப் பெரிதாக, வெளிர்பச்சையாக இருக்கும். சலமான்காவுக்கு வடக்கே ஆர்முஞா என்ற சமவெளியில் விளைவது. எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது, உள்ளே மட்டும் வெண்ணெய் போல ஆகிவிடும். வாசனையே என்னை நாற்காலியில் உட்கார வைத்தது. தட்டில் பார்த்தால் சிவப்பாகச் சொரீசோ துண்டுகள், பன்றி இறைச்சியில் செய்யும் தொத்திறைச்சி. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து வந்து, ஒரு கரண்டியால் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். "இப்போ இறைச்சி இல்லையே!"

அவருக்கு அது உண்மையிலேயே புரியவில்லை. அவர் வளர்ந்த கிராமத்தில் குளிர்காலத்தில் ஒரு பன்றியை வெட்டினால் வருடம் முழுக்க அதுதான். பருப்பில் போடும் ஒரு துண்டு, உப்பு மாதிரி. அதற்குப் பெயர் இறைச்சி இல்லை, ருசி. நான் அன்று ரொட்டியும் பீச் பழமும் மட்டும் சாப்பிட்டேன். அவர் முகம் வாடியது. லெந்தேஹாஸுக்கு அங்கே எதுகையோடு ஒரு சொலவடை உண்டு: வேண்டுமானால் தின்னு, வேண்டாமென்றால் விடு. எல்லா அம்மாக்களும் பிள்ளைகளிடம் சொல்வது. அன்று அவர் அதைச் சொல்லவில்லை. மறுவாரம் அடுப்பில் இரண்டு பானை இருந்தன. சின்னப் பானையில் சொரீசோவுக்குப் பதில் பிமெந்தோன் மட்டும் ஒரு கரண்டி. லா வேரா பகுதியில் மிளகாயை ஓக் விறகுப் புகையில் வாட்டி அரைக்கும் தூள் அது. காரம் இல்லை, புகை வாசம்தான். "இப்போ சொரீசோ இருக்கற மாதிரியே இருக்கு, ஆனா இல்ல" என்று அவரே எனக்கு முன்னால் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். அந்த வாசம் இப்போதும் எனக்கு அந்தச் சமையலறைதான்.

மாணவர்கள் சமையலறையில் நுழையக் கூடாது என்று பள்ளி கொடுத்த தாளில் எழுதியிருந்தது. அவர் அந்தத் தாளை மதிக்கவில்லை. தோர்தீயா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் செய்வதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். உருளைக்கிழங்கை மெல்லிய பிறைகளாக நறுக்கி, மூழ்கும் அளவு ஆலிவ் எண்ணெயில், சின்னத் தீயில் வைப்பார். அது பொரியக் கூடாது, எண்ணெயிலேயே வேக வேண்டும். சலசலப்புச் சத்தம் கூடினால் உடனே தீயைக் குறைப்பார். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் சமைத்தார். வெங்காயம் போடுவதா இல்லையா என்று அந்த நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடும். இவர் போடும் கட்சி. வெந்ததும் எண்ணெயை ஒரு அலுமினியப் பாத்திரத்தில் வடிகட்டி அடுத்த தடவைக்கு வைப்பார். அதன் மேலேயே வடிதட்டு பொருத்தியிருக்கும். எங்கள் வீட்டில் அப்பளம் பொரித்த எண்ணெய்க்கு இருக்கும் அதே மரியாதை. கிழங்கை அடித்த முட்டையில் போட்டுப் பத்து நிமிடம் ஊற விடுவார். பிறகு தவாவில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, இடது உள்ளங்கையைத் தட்டின் மேல் விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே திருப்பு. மணிக்கட்டு அவருக்கு வலிக்கும், மூட்டுவாதம். ஆனாலும் அந்தத் திருப்பை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்.

சாப்பிட்டு முடித்தபின் எழுந்திருக்காமல் மேசையிலேயே பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்களிடம் தனிச் சொல் உண்டு: சொப்ரெமேஸா. நான் ஸ்பானியம் கற்றது வகுப்பில் பாதி, இந்த மேசையில் பாதி. ஜன்னலுக்கு வெளியே ஒரு வகைச் சுருள் அடைப்பு உண்டு, பெர்சியானா. காலையில் குளிர்ந்த காற்றை உள்ளே வாங்கிக்கொண்டு, பத்தரை மணிக்கு நாடாவைத் தளர்த்தி அதை இறக்கிவிடுவார். ஏசி இல்லாத அந்த வீடு பகல் முழுக்கக் குகை மாதிரி இருட்டாக இருக்கும். பெர்சியானாவின் சின்ன ஓட்டைகள் வழியே மேசை விரிப்பில் வெளிச்சப் புள்ளிகள் விழும். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் விரிப்பின் மேலேயே வைப்பார்கள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே துணுக்குகளை விரலால் கூட்டியபடி அவர் கதை சொல்வார்.

ஒரு நாள் கதை தொடங்கியது என் தவறால். அங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது, தொட்டிக்குள் மட்டும்தான். தெரிந்திருந்தும், தொட்டிக்கு வெளியே நின்று குடத்தில் பிடித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். தண்ணீர் கதவுக்கு அடியில் போய், நடையில் இருந்த மரத் தரையில் பரவிவிட்டது. நான் அழாத குறை. அவர் "நோ பாஸா நாதா", ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே நீளக் குச்சித் துடைப்பானையும் பிழியும் வாளியையும் எடுத்து வந்தார். துடைத்து முடித்ததும் அந்தக் குச்சியைத் தட்டிக் காட்டினார். ஸ்பெயினில் அதை 1956 வாக்கில் கொண்டு வந்தவர் மானுவல் ஹலோன் என்ற விமானப் பொறியாளர். அதற்கு முன்னால் பெண்கள் முட்டி போட்டுத்தான் தரை துடைத்தார்கள். "எங்க அம்மாவோட முட்டியை நீ பார்த்திருக்கணும். ஒட்டகத்து முட்டி மாதிரி. அப்பா பண்ணையில வேலை பார்த்தார். அம்மா பண்ணை வீட்டுல தரை துடைச்சா."

அப்புறம் தானாகவே சொன்னார். அவர் தன் அப்பாவை வாழ்நாள் முழுக்க உஸ்தெத் என்றுதான் அழைத்தாராம். அம்மாவையும்தான். அந்தக் காலத்தில் காஸ்தீயா பகுதிக் கிராமங்களில் அதுதான் வழக்கம். அப்பா சாகும்போது ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு "உங்களுக்கு வலிக்குதா" என்று கேட்டாராம். "நீன்னு ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. சொல்லணும்னு தோணினப்போ ரொம்ப லேட் ஆயிடுச்சு." திருமணம் ஆனபின், 1975 மே மாதம் சட்டம் மாறும்வரை, வேலைக்குப் போகவும் பேங்கில் கணக்குத் திறக்கவும் கணவரின் அனுமதி வேண்டியிருந்தது. அந்த வருடக் கடைசியில், நாட்டை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்தார். மகன் பிறந்தபோது அவர் செய்த முதல் தீர்மானம், இவன் என்னைத் தூ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது.

அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இரவு படுத்துக்கொண்டு ஒன்று யோசித்தேன். என் அப்பாவை நான் நீங்கள் என்பேன். அம்மாவை? நீ. பேசத் தெரிந்த நாளில் இருந்து நீ. மீனாட்சியம்மன் சன்னிதியில் நின்று வேண்டும்போதும் "நீதான் பார்த்துக்கணும்" என்றுதான் வாயில் வருகிறது. ஸ்பானியர்களும் சாமியைத் தூ என்றே ஜெபிக்கிறார்கள். நான் மரியாதைக் குறைவு என்று பயந்துகொண்டிருந்த சொல்லில்தான் அம்மாவும் சாமியும் இருந்தார்கள்.

வகுப்பிலும் அந்தச் சமயம் ஒரு சந்தோஷம். 'மே குஸ்தா' என்ற வாக்கிய அமைப்பு வந்தது. மற்ற மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்: 'நான்' எங்கே போனது, பிடித்த பொருள் எப்படி எழுவாய் ஆனது? எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான். 'மே துஎலே லா கபேஸா', எனக்குத் தலை வலிக்கிறது. தமிழை அப்படியே ஊற்றினால் போதும். மஞானா, அதாவது நாளை என்ற சொல்லில் வரும் ஞ நம் ஞாயிற்றில் இருப்பது. பெரோ என்றால் ஆனால், பெறோ என்றால் நாய் என்று ஆசிரியர் நாக்கை உருட்டிக் காட்டியபோது, தமிழில் ர, ற என்று இரண்டு எழுத்து எதற்கு வைத்தார்கள் என்று நான் சின்ன வயதில் கேட்டது நினைவுக்கு வந்தது. அந்த 2022, நெப்ரிஹா இறந்து ஐந்நூறாவது ஆண்டு. காஸ்தீய மொழிக்கு, அதாவது ஸ்பானியத்துக்கு, முதல் இலக்கணம் எழுதியவர், இதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். நூல் 1492 ஆகஸ்டில் இந்த ஊரில்தான் அச்சானது. தொல்காப்பியத்தின் பெயர் சொல்லி வளர்க்கப்பட்டவளுக்கு, ஓர் ஊர் தன் இலக்கணக்காரரைக் கொண்டாடுவதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

அந்தக் கோடையை அங்கே யாரும் மறக்க மாட்டார்கள். ஜூலை 9 முதல் 26 வரை பதினெட்டு நாள் வெப்ப அலை. பக்கத்து ஸமோரா மாகாணத்தில் காடு பற்றி எரிந்தது, உயிர்களும் போயின. தொலைக்காட்சியில் அதைப் பார்த்து அவர் சிலுவை போட்டுக்கொள்வார். சலமான்கா கடல் மட்டத்தில் இருந்து 800 மீட்டர் உயரம். வழக்கமாக இரவானால் குளிர்ந்துவிடுமாம். அந்த வருடம் பல இரவுகள் குளிரவே இல்லை. வெயில் தணிய பத்து மணி ஆகும். ஜூலை தொடக்கத்தில் சூரியன் மறையவே பத்து மணி நெருங்கிவிடும். 1940இல் ஃபிராங்கோ அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அதன்பின் அது திரும்பவே இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பிளாத்தா மயோருக்கு நடப்போம். வில்லமயோர்க் கல்லில் கட்டிய சதுக்கம். தேன் நிறக் கல் விளக்கு வெளிச்சத்தில் பொன்னாகும். கடிகாரத்துக்கு அடியில் யாராவது யாருக்காவது காத்திருப்பார்கள். பாட்டிகள், தள்ளுவண்டிக் குழந்தைகள், எல்லோரும் நள்ளிரவு வரை வெளியே.

ஆகஸ்ட் முதல் வாரம், மறுபடியும் ஒரு வெப்ப அலை. மின் கட்டணம் நள்ளிரவில் இருந்து காலை எட்டு வரையும் சனி ஞாயிறிலும்தான் மலிவு என்பதால் ஒரு சனிக்கிழமை அவர் எல்லா வேலையையும் சேர்த்து வைத்துச் செய்தார். வாஷிங் மெஷின், இஸ்திரி, அடுப்பில் கொண்டைக்கடலை. நான் அறையில் இருந்து வந்தபோது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. கடலைப் பானையை இறக்கக் கை நீட்டினார்.

"ஸியென்தாதே!" என்று கத்திவிட்டேன்.

உட்காரு. உட்காருங்கள் இல்லை. கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, அடுப்பை அணைத்து, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டு, தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலக்கிக் கொடுத்தேன். "குடி. முழுசாக் குடி. உனக்கு யாரு சொன்னது இந்த வெயில்ல நிக்கச் சொல்லி?" எல்லாம் தூ. வினைச்சொல் ஒவ்வொன்றும் சரியாக வந்து விழுந்தது. இரண்டு வாய் குடித்தார். நிறம் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டே, "போர் ஃபின்" என்றார்.

ஒருவழியாக.

ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு நாள். அவருடைய கிராமத்தில் திருவிழா. ஆர்முஞாவில், அறுவடை முடிந்து வெறும் தாளாகக் கிடந்த வயல்களுக்கு நடுவே ஒரு தேவாலயம், சில தெருக்கள். குளிர்காலத்தில் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காதாம். 1950, 60களில் ஜனங்கள் மத்ரித்துக்கும் பில்பாவோவுக்கும், ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். ஆகஸ்டில் மட்டும் பேரன் பேத்தியோடு வந்து பூட்டைத் திறப்பார்கள். சாயங்காலம் வீட்டு நாற்காலியைத் தூக்கித் தெருவில் போட்டு உட்காருவார்கள். 'குளிர்ச்சி வாங்குவது' என்று அதற்குப் பெயர். தெற்கே அல்கார் என்ற ஊர் 2021இல் இந்தப் பழக்கத்தை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டது, நியாயமான கோரிக்கை. என்னை யாரென்று கேட்ட ஒவ்வொருவரிடமும் அவர், "என் வீட்டுப் பொண்ணு. என்னைத் திட்டுவா" என்று பெருமையாகச் சொன்னார். இதை எழுதும்போதுகூட எனக்கு அவர் என்றுதான் வருகிறது, பாருங்கள். தமிழில் என்னால் முடியவில்லை.

கிளம்பும் நாளில் ஒரு கிலோ லெந்தேஹாஸைத் துணிப்பையில் கட்டிப் பெட்டியில் வைத்தார். கூடவே பிமெந்தோன் டப்பா. பேருந்து நிலையத்தில் அவர் "அதியோஸ்" சொல்லவில்லை, "அஸ்தா லுஎகோ" என்றார். அப்புறம் பார்ப்போம். நாமும் போகிறேன் என்றா சொல்கிறோம், போய்ட்டு வர்றேன் என்றுதானே. அழுதது நான் மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம். கோடையில் அங்கே மதியம் மூன்று என்றால் இங்கே ஆறரை. போன மாதம் அம்மா பக்கத்தில் இருந்தாள். திரையில் அவரைப் பார்த்ததும் கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?" நான் மொழிபெயர்த்தேன். அவர் பதில் சொல்லும் முன் என்னை மடக்கினார்.

"உங்க அம்மா என்னைத் தூன்னு கேட்டாளா, உஸ்தெத்னு கேட்டாளா?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. உஸ்தெத் என்றேன்.

"அவகிட்டச் சொல்லு, அதெல்லாம் இந்த வீட்டுல கிடையாதுன்னு."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஃபோனுக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், காது கேட்காதவருக்குச் சொல்வது போலச் சத்தமாக, "நீ சாப்டியா?" என்றாள். உடனே என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்: "தப்பா எடுத்துக்க மாட்டாங்களே?"